வருத்தம் வரக்கூடாத வேலை

கம்பஸில் ‘மெடிக்கல்’ என்றால் எங்களுக்கு ஒரு அர்த்தம்தான். பரீட்சை எழுத ஏலாமல் போனால், 80 வீத வரவு காணாமல் போனால், ‘மெடிக்கல் போடு மச்சான்’ என்பதுதான் முதலில் கிடைக்கிற ஆலோசனை. எங்களுக்கு வருத்தம் என்று ஒரு டொக்டர் எழுதித் தருகிற துண்டு அது. அது கையில் இருந்தால் தப்பலாம். உண்மையான வருத்தமா, இல்லையா என்பதெல்லாம் பேந்துள்ள கதை.

விமானிகளும் தங்கட சான்றிதழை ‘மெடிக்கல்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அது நேர்மாறான பேப்பர். இந்த ஆளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, விமானம் ஓட்டலாம் என்று சொல்கிற பேப்பர். 40 வயதுக்குக் குறைந்தவர்கள் வருடத்துக்கு ஒருதரம் அதைப் புதுப்பிக்க வேண்டும். வயது போகப் போக, நாட்டைப் பொறுத்து, ஆறு மாதத்துக்கு ஒருதரம். கண், காது, இதயம், இரத்த அழுத்தம், சலம், மனநிலை எல்லாம் பார்ப்பார்கள். லைசன்ஸ் இருந்தாலும் மெடிக்கல் இல்லாவிட்டால் விமானத்தைத் தொட முடியாது. எங்களுக்கு மெடிக்கல் கிடைத்தால் நிம்மதி என்றால், அவர்களுக்கு மெடிக்கல் போனால் சோறு போச்சு.

இதில் எங்களை யோசிக்க வைத்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு ஆள் சுகமாக இருந்தால்தான் செய்யலாம் என்கிற இந்த வேலை, ஆளைச் சுகமில்லாமல் ஆக்குகிற வேலையும்தான்.

முதலில் உயரம். விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கிற அளவுக்குத்தான் வைத்திருக்கப்படுகிறது. எங்கட நாட்டுக் கணக்கில் சொன்னால், நுவரெலியா டவுனுக்கும் பீதுருதாலகால உச்சிக்கும் இடையில் எங்கோ ஒரு இடம். பயணியாக இருக்கிற எங்களுக்கு அது ஒரு தடவை ஏறி இறங்குகிற கதை. விமானிக்கு அது கந்தோர். வருடக்கணக்காக, வாரத்தில் பல நாள், அவர் அந்த மலையில் போய் இருந்து கணக்குப் பார்த்து, முடிவெடுத்து, திரும்பக் கீழே இறங்குகிறார்.

அங்கே காற்றும் காய்ந்த காற்று. ஈரப்பதன் பெரும்பாலும் 20 வீதத்துக்குக் கீழே. தண்ணி நிறையக் குடிக்க வேண்டும், ஆனால் குடித்தால் கொக்பிட்டை விட்டு எழும்பிப் போக வேண்டும், அதுக்கும் ஒரு நடைமுறை இருக்கிறது. அதனால் குடியாமலே சமாளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சிறுநீரகக் கல்லு எங்கட ஊருக்குப் புதுசில்லை. ஒரு ஆளுக்கு அந்த வலி வந்தால் முழு ஒழுங்கைக்கும் தெரியும். ஒரு விமானிக்குக் கல்லு இருக்கிறது என்று ஸ்கானில் தெரிந்தால், அது தீர்ந்தது என்று காட்டும்வரை அவர் தரையில்தான். இறங்குகிற நேரத்தில் அந்த வலி பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தால், அந்த விதியில் பிழை சொல்ல ஏலாது.

சளி இன்னொன்று. மூக்கடைத்தால் நாங்கள் ஒரு பிரிற்றன் குளிசையைப் போட்டுவிட்டுக் குப்புறப் படுப்போம். விமானி அந்த நித்திரைக் குளிசையைப் போட்டுவிட்டுப் பறக்கக் கூடாது. போடாமல் பறந்தாலும் பிரச்சினை: அடைத்த காதோடு இறங்கும்போது அழுத்தம் மாறிச் செவிப்பறை கிழியலாம். ஆக, எங்களுக்கு ஒரு லீவும் எடுக்கத் தேவையில்லாத தடிமன், அவர்களுக்கு வேலைக்குப் போக முடியாத வருத்தம்.

கதிர்வீச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே போகப் போக வளிமண்டலம் மெலிகிறது, விண்வெளியிலிருந்து வருகிற கதிர்களை மறிக்க ஆளில்லை. துருவப் பக்கம் போகிற பாதைகளில் கூட, நிலநடுக்கோட்டுப் பக்கம் குறைவு. ஐரோப்பியச் சட்டம் விமானப் பணியாளர்களைக் கதிர்வீச்சுக்கு உள்ளாகும் தொழிலாளர்களாகவே கணக்கெடுக்கிறது. மெலனோமா என்கிற தோற்புற்றுநோய் விமானிகளுக்கும் விமானப் பணியாளர்களுக்கும் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வொன்று சொன்னது. காரணம் கதிரா, குழம்பிய நித்திரையா, லேஓவர் நாட்களில் கடற்கரையில் கிடந்த வெயிலா என்பதில் இன்னும் ஒரு முடிவில்லை. எனவே இதை வைத்து யாரையும் பயப்படுத்த நாங்கள் வரவில்லை.

நாங்கள் உண்மையில் பயப்படுவது நித்திரைக்கு.

மனித உடம்பு இரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை படுக்கச் சொல்லும். எவ்வளவு கோப்பி குடித்தாலும், எவ்வளவு அனுபவம் இருந்தாலும் அது சொல்லும். பரீட்சைக்கு முதல்நாள் விடிய விடிய இருந்து படித்தவர்களுக்கு நாலு மணி எப்படியிருக்கும் என்று தெரியும். ஒரே பந்தியை ஐந்து தரம் வாசிப்போம், ஒன்றும் ஏறாது. 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். 17 மணித்தியாலம் தொடர்ந்து முழித்திருந்த ஒருவரின் கையும் புத்தியும், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ள ஒருவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. மது குடித்தாரா என்று பார்க்க ஊதச் சொல்லலாம். நித்திரை கொண்டாரா என்று பார்க்க ஒரு குழாயும் இல்லை. அவர் தானாக வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

2010 மே 22 அதிகாலை, டுபாயிலிருந்து மங்களூருக்கு வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். கனபேர் வளைகுடாவில் உழைத்துவிட்டு லீவில் வீட்டுக்கு வந்தவர்கள். எங்கட ஊர்களிலிருந்தும் அதே மாதிரி நடுச்சாம விமானங்களில் ஆட்கள் போய் வருகிறார்கள் என்பதால், அந்தப் பயணிகளை எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. விசாரணையில் கொக்பிட் ஒலிப்பதிவைக் கேட்டபோது, பதிவாகியிருந்த இரண்டு மணித்தியாலச் சொச்சத்தில் முதல் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் பேச்சே இல்லை. இடையிடையே கப்டனின் குறட்டைச் சத்தம் கேட்டது. அவர் எழும்பி இறக்கத் தொடங்கியபோது விமானம் இருக்க வேண்டிய உயரத்துக்கு நன்றாக மேலே இருந்தது. திரும்ப மேலே எழுப்புங்கள் என்று துணை விமானி ஒருமுறைக்கு மேல் சொன்னார். நித்திரையால் எழும்பிய உடனே மூளை முழுதாக வேலை செய்யாது. அந்த மந்தநிலை கப்டனின் முடிவைப் பாதித்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கை எழுதியது.

இதை வாசித்துவிட்டு ‘பொறுப்பில்லாத ஆள்’ என்று கப்டனைத் திட்டி முடிப்பது லேசு. அந்த வேலையை அந்த நேரத்துக்கு அட்டவணை போட்டவரை யாரும் திட்டுவதில்லை.

அட்டவணை என்றதும் போன டிசெம்பர் ஞாபகம் வருகிறது. 2025 டிசெம்பர் முதல் வாரம் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் இரத்தாகின. 5ஆம் திகதி ஒரு நாளில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். சென்னையிலிருந்து பலாலிக்கு வந்துபோகிற அதே கம்பனிதான் என்பதால் எங்கட வட்டத்திலும் அது பெரிய கதையாக ஓடியது. கலியாண வீட்டுக்குப் போக ஏலவில்லை, நேர்முகப் பரீட்சை போச்சு என்று ஆட்கள் விமான நிலையத்தில் நின்று அழுத வீடியோக்களை எல்லாரும் பார்த்தோம். காரணம் என்று சொல்லப்பட்டது என்ன? விமானிகளுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லும் புதிய விதி.

அந்த விதி வானத்திலிருந்து விழவில்லை. இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குபடுத்துநர் அதை 2024 ஜனவரியிலேயே வெளியிட்டார். வாராந்த ஓய்வு 36 மணித்தியாலத்திலிருந்து 48 ஆகும். இரவுத் தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறையும். விமானிகள் சங்கங்கள் நீதிமன்றம் ஏறிய பிறகுதான் அது இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1. கிட்டத்தட்ட இரண்டு வருடம் நேரம் இருந்தும் போதிய விமானிகள் இல்லாமல் கம்பனி குளிர்கால அட்டவணையைப் போட்டது. எல்லாம் குழம்பியதும் அரசு என்ன செய்தது? இரவு வேலை விதிகளிலிருந்து கம்பனிக்கு 2026 பெப்ரவரி 10 வரை விலக்குக் கொடுத்தது. நித்திரையைத் தள்ளிப்போடலாம் என்று ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுக்க முடிகிறது. அந்தக் கடிதத்தை உடம்புக்கு யார் வாசித்துக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஆயிரக்கணக்கான பயணிகள் அந்த நேரம் விமானிகளைத்தான் ஏசினார்கள். சோம்பேறிகள், இவ்வளவு சம்பளம் எடுத்துக்கொண்டு படுக்க நேரம் கேட்கிறார்கள் என்று. எங்கட பக்கத்திலும் சிலர் அதையே பகிர்ந்தார்கள். இந்தக் கோபம் எங்களுக்கு விளங்குகிறது, ஆனால் விலாசம் பிழை.

களைப்பு இப்படியென்றால், மனம் இன்னும் சிக்கல். களைப்பை ஒரு விமானி சொன்னால் அன்றைய பறப்பு போகும். மனவருத்தத்தைச் சொன்னால் மெடிக்கலே போகலாம். மாதக்கணக்கில், சிலவேளை நிரந்தரமாக. இதனால் என்ன நடக்கிறது என்பதை 2022இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. 3,765 விமானிகளிடம் கேட்டதில் 56 வீதமானோர், மெடிக்கல் போய்விடும் என்ற பயத்தில் ஏதோ ஒரு விதத்தில் வைத்தியத்தைத் தவிர்த்திருக்கிறோம் என்றார்கள். டொக்டரிடம் போகாமல் விட்டது, போனாலும் முழுதாகச் சொல்லாமல் விட்டது, களவாக வேறிடத்தில் காட்டியது எல்லாம் இதற்குள் வரும். பாதிக்கு மேல். பயணிகளைப் பாதுகாக்க என்று வைத்த சோதனை, விமானிக்கு ஒளிக்கப் பழக்குகிறது.

ஒளித்ததன் அந்தலை எங்கே போய் முடியலாம் என்பதற்கு எல்லாரும் சொல்கிற உதாரணம் ஜேர்மன்விங்ஸ். 2015 மார்ச் 24, பார்சிலோனாவிலிருந்து டுசல்டோர்ஃப் போன விமானம். கப்டன் வெளியே போன நேரம் துணை விமானி கதவைப் பூட்டிவிட்டு, விமானத்தை அல்ப்ஸ் மலையில் மோதவிட்டார். அவரோடு சேர்த்து 150 பேர். அதைச் செய்தவருக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. 149 பேரைக் கொன்றதற்கு மனச்சோர்வு ஒரு விளக்கம்கூட இல்லை. மனச்சோர்வு உள்ள கோடிக்கணக்கான ஆட்கள் ஒரு எறும்பையும் கொல்வதில்லை. ஆனால் பிரெஞ்சு விசாரணை அறிக்கையில் எல்லாரும் அவசரமாகக் கடந்துபோன ஒரு பகுதி இருக்கிறது. அது காசுக் கணக்கு.

அவர் பயிற்சிக்காக 41,000 யூரோ அளவில் கடன் எடுத்திருந்தார். பயிற்சிக் காலத்திலேயே, 2008இல், ஒருமுறை மனச்சோர்வு வந்து இடைநிறுத்தியிருந்தார். அதனால் அவருடைய மெடிக்கலில் அதைப் பற்றிய விசேட குறிப்பு ஒன்று இருந்தது. திரும்ப வந்தால் செல்லாது. வேலையின் முதல் ஐந்து வருடத்துக்குள் நிரந்தரமாகத் தகுதி இழந்தால் ஒரேயொரு தடவை 58,799 யூரோ கிடைக்கும், அவ்வளவுதான். மாத வருமானத்துக்கு வேறு காப்புறுதி அவரிடம் இல்லை. அந்தக் குறிப்பு இருப்பதால் அப்படி ஒன்றை எடுப்பது கஷ்டம் என்று அவரே ஒரு மின்னஞ்சலில் எழுதியிருந்தார். விபத்துக்கு இரண்டு வாரத்துக்கு முன் ஒரு டொக்டர் அவரை மனநல ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார். வேலைக்குப் போக வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த துண்டுகளும் இருந்தன. அவர் அவற்றைக் கம்பனிக்குக் கொடுக்கவில்லை. ஜேர்மனியின் இரகசியக் காப்புச் சட்டத்துக்குப் பயந்து டொக்டர்களும் சொல்லவில்லை.

விபத்துக்குப் பிறகு உலகம் முதலில் செய்தது கதவைப் பற்றி யோசித்தது. கொக்பிட்டில் எந்த நேரமும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் பரிந்துரை வந்தது. அடுத்த வருடமே அதைத் தளர்த்தினார்கள். இன்னும் கடுமையான சோதனை வேண்டும் என்ற குரல் அதைவிடப் பெரிது. சோதனை கடுமையாகக் கடுமையாக ஒளிப்பும் கெட்டியாகும் என்பதை ஆறுதலாக யோசித்தவர்கள் கொஞ்சப்பேர்தான். அவர்களால் வந்த நல்ல காரியம், சக விமானிகளே ஆதரவு கொடுக்கிற திட்டம். ஐரோப்பா 2018இல் அதை விதியாக்கி 2021இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முதலாளிக்கும் சோதிக்கிற டொக்டருக்கும் போகாமல், இதே வேலை செய்கிற ஒரு ஆளிடம் முதலில் கதைக்கலாம்.

எங்கட பக்கமும் ஒரு சம்பவம் உண்டு. 2018 மார்ச் 12, டாக்காவிலிருந்து காத்மண்டு போன யூஎஸ்-பங்களா விமானம் விழுந்து 51 பேர் இறந்தார்கள். அன்று கப்டன் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார், பறப்பு முழுக்க அது பேச்சில் தெரிந்தது, அழுதார் என்று விசாரணைக் குழு எழுதியது. பக்கத்தில் இருந்தவர் அனுபவம் குறைந்த இளம் துணை விமானி. ‘சேர், உங்களுக்கு இண்டைக்கு ஏலாது போல கிடக்கு, நாங்கள் போகாமல் விடுவம்’ என்று சொல்ல அவருக்கு எப்படி வாய் வந்திருக்கும்? தெற்காசியாவில் மூத்தவர்களோடு வேலை செய்த எவருக்கும் இந்தக் கேள்வி புதுசில்லை. எங்கட திணைக்களங்களில் ஒரு சிரேஷ்ட விரிவுரையாளரிடம் ‘நீங்கள் களைச்சுப் போயிருக்கிறீங்கள் சேர்’ என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, அப்ப மனவருத்தத்துக்குக் குளிசை எடுக்கிற ஆள் ஓட்டுகிற விமானத்தில் ஏறுவீங்களா என்று எங்களிடமே கேட்டார்கள். இது நியாயமான கேள்வி. எங்கட பதில்: ஏறுவோம். ஏனென்றால், மாற்றாக இருப்பது வருத்தமே இல்லாத விமானி இல்லை. வருத்தத்தை மறைத்து, குளிசை எடுக்காமல் ஓட்டுகிற விமானி. இது வெறும் நம்பிக்கையும் இல்லை. அவுஸ்திரேலியா 1980களின் கடைசியிலிருந்தே மனச்சோர்வுக் குளிசை எடுக்கும் விமானிகளைக் கண்காணிப்போடு பறக்க விட்டது. பத்து வருடத் தரவை ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வில், அவர்களால் விபத்துகள் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அமெரிக்கா 2010இல்தான் நாலே நாலு மருந்துக்கு வழிவிட்டது, அதுவும் நீண்ட காத்திருப்போடு.

அதே அமெரிக்கா குடிப்பழக்கத்தில் வேறுமாதிரி நடந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1970களிலிருந்து அங்கே குடிக்கு அடிமையான விமானிகளுக்கு ஒரு திட்டம் இருக்கிறது. சிகிச்சை, கண்காணிப்பு, பிறகு வேலைக்குத் திரும்புதல். ஆயிரக்கணக்கானோர் அப்படித் திரும்பிப் பறந்திருக்கிறார்கள். திரும்பி வர வழி இருக்கிறது என்று தெரிந்தபோது ஆட்கள் முன்வந்தார்கள். குடிக்குச் செய்த இரக்கத்தைக் கவலைக்குச் செய்ய ஏன் இவ்வளவு காலம்?

ஆகவே எங்கட கோரிக்கை சோதனையைத் தளர்த்து என்பதில்லை. இதயம் பலவீனமான ஆள் இறங்கத்தான் வேண்டும், கல்லு உள்ள ஆள் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு யார் காசு கொடுப்பது என்பதுதான் கேள்வி. மெடிக்கல் போன விமானிக்கு, சிகிச்சை முடியும்வரை சம்பளத்தில் பெரும்பகுதி வர வேண்டும். அதை விமானியின் சொந்தக் காப்புறுதியில் விடாமல் கம்பனி சுமக்க வேண்டும். கம்பனி சம்மதிக்காவிட்டால் லைசன்ஸ் கொடுக்கிற அரசு அதைக் கட்டாயமாக்க வேண்டும். களைப்பு என்று சொன்ன விமானியின் பதவி உயர்வில் கை வைக்கக் கூடாது. திரும்பி வருவதற்கு எத்தனை மாதம், என்னென்ன பத்திரம் என்று முதல்நாளே எழுத்தில் இருக்க வேண்டும்; முடிவே தெரியாமல் தரையில் இருப்பதுதான் ஆட்களை அதிகம் பயப்படுத்துகிறது.

இலங்கையில் இதைக் கதைக்க இப்ப நல்ல நேரம். 2022 நெருக்கடிக்குப் பிறகு இங்கிருந்தும் விமானிகள் கணிசமாக வெளிநாட்டுக் கம்பனிகளுக்குப் போய்விட்டார்கள். போனவர்களின் வேலையும் மிஞ்சியவர்களின் அட்டவணையில்தான் விழும். லண்டனுக்கு ஏறக்குறைய 11 மணித்தியாலம். எங்கட வகுப்புகளிலேயே விமானியாக வர ஆசைப்பட்டு, வீட்டுக் காணியை ஈடுவைத்துப் பயிற்சிக்குப் போகக் கதைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். காணி ஈட்டில் இருக்கிற பெடியன் ‘எனக்கு இரவில நித்திரை வருதில்லை டொக்டர்’ என்று எந்தச் சோதனையில் சொல்லுவான்?

விமானி களைப்பு என்று சொன்னதால் எங்கட ஃபிளைட் மூன்று மணித்தியாலம் பிந்தினால், நாங்கள் காத்திருப்போம். பிளேன்டீயைக் கம்பனி தரட்டும்.